சாம்பிராணி படிந்த கிராபிக்ஸ் கார்டு

என் தம்பி சிங்கப்பூருக்குப் போன பிறகு நாங்கள் இருவரும் போனில் பேசியதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு கிளாஸ் தே தாரிக் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். சாப்டியா, சாப்டேன். மழையா, மழைதான். ஒடம்பு எப்படி, இருக்கு. அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வாய் வராது. அப்பாவும் அம்மாவும் இருந்தவரை அவர்களும் அப்படித்தான். எங்கள் குடும்பத்துக்கும் போனுக்கும் அவ்வளவுதான் பொருத்தம்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் அங்கே, நான் இங்கே, ஆளுக்கொரு கணினி முன் உட்கார்ந்து, ஹெட்செட்டைக் காதில் மாட்டிக்கொண்டு, லாரி ஓட்டும் விளையாட்டில் ஆளுக்கொரு லாரியை எடுத்துக் கிளம்பிவிட்டால் கதையே வேறு. கண் சாலையில் இருக்கும், கை ஸ்டியரிங்கில் இருக்கும், வாய் தானாகப் பேசும். ஃபோர்மேனின் அட்டகாசம், அறைத்தோழனின் குறட்டை, முழங்கால் வலி, அம்மாவைக் கனவில் பார்த்தது என்று அவன் எல்லாவற்றையும் சொல்வான். நானும் சொல்வேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, நடுவில் பேச்சு. ஒரு மணி நேரம் என்று பேர். பல நாள் இரண்டு மணி நேரம் ஆகிவிடும்.

ஐம்பதைத் தொட இரண்டு வருடம் இருக்கும் பொம்பளைக்கு லாரி விளையாட்டு எதற்கு என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். ஈப்போவில் ஒரு லாரி கம்பெனியில் எனக்குக் கிராணி வேலை, குமாஸ்தா என்பார்களே அதுதான். இந்த லாரி லூமுட்டுக்கு, அந்த லாரி பாகான் செராய்க்கு என்று இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஓட்டத் தெரிந்தது மோட்டார் சைக்கிள் மட்டும். யாரோ ஒரு மலேசியன் வேலை மெனக்கெட்டு நம்மூர் நெடுஞ்சாலையை அப்படியே அந்த விளையாட்டுக்குள் வரைந்து வைத்திருந்தான். டோல் சாவடி, சுண்ணாம்பு மலை, மலையைக் குடைந்த சுரங்கப்பாதை எல்லாம் உண்டு. நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டம் இருந்த இடத்தில் மட்டும் வெறும் பச்சையை அப்பியிருந்தான். அதில் தப்பு ஒன்றும் இல்லை. நிஜத்திலும் அங்கே இப்போது செம்பனைதான் நிற்கிறது, பக்கத்தில் எங்களுக்குக் கொடுத்த மலிவுவிலைத் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டில் நான் இருக்கிறேன்.

இதை அவனுக்காகச் செய்வதாகத்தான் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அங்கே தன்னந்தனியாகக் கிடக்கிறான், கல்யாணமும் ஆகவில்லை, நான் போய் உட்காராவிட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? ஆபீஸ் பெண்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்கோர் தீவுக்குப் போகலாம் என்று கூப்பிட்டபோதும் இதைச் சொல்லித்தான் மறுத்தேன். மறுத்துவிட்டுப் பெருமையாகவும் இருந்தது. பிறகு அவர்கள் கூப்பிடவில்லை.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒன்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நின்றுபோனது. விளையாட்டைத் திறந்தால் திறக்கவில்லை. உங்கள் இயங்குதளம் பழையது, புதியதற்கு மாறினால்தான் இனி ஓடும் என்று ஒரு பெட்டி வந்து நின்றது. ஒரு மாதமாகவே அந்த அறிவிப்பு வந்துகொண்டிருந்தது. நான்தான் தினமும் அதை மூடிவிட்டு வேலையைப் பார்த்தேன். பத்து மணி ஆகிவிட்டது, அங்கே அவன் காத்திருக்கிறான், இங்கே நான் ஒரு பெட்டியைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன் செய்தேன். தானே ஒரு லேப்டாப் வாங்கி அனுப்புவதாகச் சொன்னான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கெட்டுப்போகாத பொருளைத் தூக்கி எறிய என் கை வராது. அதோடு அந்தக் கணினிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு அவன் முதல் சம்பளத்தில் வாங்கியது. ஈப்போவிலிருந்து வீடுவரை மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து, அந்தப் பெட்டியைப் பச்சைப்பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான். அதெல்லாம் வேண்டாம், நானே சரிசெய்துகொள்கிறேன் என்றேன். "சரி கா, மெதுவா செய்யி. ஒண்ணும் அவசரம் இல்ல" என்றான். எவ்வளவு பொறுமையான பிள்ளை என்று மனம் இளகிப்போனது.

சரிசெய்வது என்றால் என்ன என்று தெரியாமல் சொன்ன வார்த்தை அது. விளையாட்டு லினக்ஸிலும் ஓடும் என்று படித்தேன். லினக்ஸ் என்பது யாரும் இலவசமாக எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய இயங்குதளம். சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு உட்கார்ந்து, இரண்டு நாளில் அதைப் போட்டும்விட்டேன். அட, நாமும் ஆள்தான் என்று தோன்றியது. ஆனால் திரையில் எல்லாம் கண் தெரியாதவர்களுக்காக அச்சடித்தது போலப் பெரிது பெரிதாக வந்தது. விளையாட்டைத் திறந்தால், உன் கணினியில் கிராபிக்ஸ் கார்டே இல்லை என்றது. இவ்வளவு பெரிய கார்டு உள்ளே உட்கார்ந்திருக்கிறது, இல்லை என்று எப்படிச் சொல்லலாம்?

விஷயம் இதுதான். கார்டும் இயங்குதளமும் பேசிக்கொள்ள நடுவில் டிரைவர் என்று ஒரு மென்பொருள் வேண்டும். கார்டு செய்தவர்கள் இந்த வயசுக் கார்டுகளுக்கு டிரைவர் எழுதுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. கடைசியாக எழுதிய டிரைவர் புதிய லினக்ஸில் ஏற மறுக்கிறது. ஒருத்தன் பழைய பேச்சு பேசுகிறான், இன்னொருத்தனுக்கு அது புரியவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

சனிக்கிழமை மத்தியானம் கார்டைக் கழற்றாமல் கணினியை அப்படியே மோட்டாரில் கட்டிக்கொண்டு ஈப்போவில் இருக்கும் கணினிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வயசுச் சீனர், நல்ல மனிதர்தான். பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கார்டின் பெயரைக் கேட்டதுமே சிரித்துவிட்டார். "இது புவாங் சஜா லா, கக்" என்றார், தூக்கிப் போட்டுவிடச் சொல்லி. புதுக் கார்டு போட்டால் பவர் தாங்காது, பவரை மாற்றினால் போர்டு தாங்காது, எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று அடுக்கினார். வைத்தியம் பார்க்கக் கூட்டிப் போனால் அடக்கத்துக்கு நாள் குறிக்கிறாரே என்று எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மறுபடியும் மோட்டாரில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் மழை வேறு. என் ரெயின்கோட்டை அதற்குப் போர்த்தி நான் நனைந்தேன்.

பிறகு இணையத்தில் ஒரு கலந்துரையாடல் பக்கத்தில் போய் விழுந்தேன். உலகத்தில் பழைய கார்டை வைத்துக்கொண்டு அடம்பிடிக்கும் ஆட்கள் அவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. படிவம் நிரப்பிப் பழகிய என் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிப் போட்டேன். மூன்று பேர் புதுசு வாங்கு என்றார்கள். நான்காவதாக ஓர் ஆள், எந்த நாடு என்று சொல்லவில்லை, தன்னிடமும் அதே கார்டு இருப்பதாகவும், பழைய டிரைவரைப் புதிய லினக்ஸுக்கு ஏற்றபடி ஒட்டுப்போட்டு வைத்திருப்பதாகவும் எழுதி, அதை எனக்குக் கொடுத்தார். இதை ஏன் செய்ய விரும்புகிறாய் என்று கேட்டார். என் தம்பியோடு ஞாயிற்றுக்கிழமை பேச வேண்டும் என்று எழுதினேன். போன் இல்லையா என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. புரிந்துகொண்டார்போல.

அவர் சொன்னபடி செய்தேன். கணினி ஒருமுறை அணைந்து, மறுபடி எழுந்து, கறுப்பாக நின்றது. இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்சிமிட்டியது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்ததையும் கெடுத்துவிட்டோமே என்று அழுகை வந்தது. மறுநாள் கைப்பேசியில் அவருக்கு எழுதினேன். பயப்படாதே, எழும்போதே ஒரு விசையை அழுத்தி இந்த ஒரு சொல்லைச் சேர், அது கார்டைத் தொந்தரவு செய்யாமல் எழுத்தாக மட்டும் வரும், பிறகு உள்ளே போய்ச் சரிசெய்யலாம் என்றார். அந்தச் சொல்லை ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அந்த வாரத்தில் கறுப்புத் திரையைப் பதினைந்து இருபது முறை பார்த்திருப்பேன். ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்தான் என்னை உள்ளே கொண்டுபோய் விட்டது.

லினக்ஸுக்கு உள்ளே கெர்னல் என்று ஒன்று இருக்கிறது, கார்டு மாதிரிப் பாகங்களோடு பேசுவது அதன் வேலை. என்னுடையது மிகவும் புதியது, அவர் போட்ட ஒட்டு அதற்கு ஒரு படி முந்தையதில்தான் நிற்கும். ஆகவே பழைய கெர்னலைத் தேடிப் போட்டு, இனி நீயாகப் புதுப்பித்துக்கொள்ளாதே என்று கட்டிப்போட வேண்டும். இதைக் கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஓடிவிட்டது. இதற்குள் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயிருந்தன. ஒவ்வொன்றிலும் காலை பத்து மணிக்குத் தம்பிக்குச் செய்தி அனுப்புவேன், இன்னும் ஆகவில்லை, வருத்தப்படாதே, அடுத்த வாரம் நிச்சயம் என்று. சாயங்காலம் பதில் வரும். ஓகே கா. டேக் யுவர் டைம். பாவம், ஓவர்டைம் செய்துவிட்டுத் தூங்கியிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அது வேலை செய்தது. நான் எதுவும் எதிர்பார்க்காமல் பொத்தானை அழுத்திவிட்டுத் துணி எடுக்கக் கொல்லைக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தால் திரை பளிச்சென்று இருந்தது. எழுத்துகள் எல்லாம் பொடிப்பொடியாக அழகாக உட்கார்ந்திருந்தன. வீட்டில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரும் இல்லை. துணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, "வந்துருச்சு" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்குள் என் குரல் கேட்டு நாளாகியிருந்தது.

விளையாட்டைத் திறந்தேன், லாரி வந்தது. ஓட்டினேன். சரியாகப் பத்து நிமிடம். பிறகு வானத்தில் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள் பூத்தன, லாரி நடுரோட்டில் அப்படியே உறைந்துபோனது. மறுபடி முயன்றேன், மறுபடியும் பத்து நிமிடம். அடுத்த ஒன்றரை வாரம் இந்தப் பத்து நிமிடத்தோடு மல்லுக்கட்டினேன். டிரைவரில்தான் கோளாறு என்று அதைப் பிடுங்குவதும் போடுவதுமாக இருந்தேன். ஆபீஸில் பாரிட் புந்தாருக்குப் போக வேண்டிய லாரியை லூமுட்டுக்கு அனுப்பிவிட்டு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இருபத்திரண்டு வருடத்தில் அப்படி ஒரு தப்பு செய்ததில்லை.

கடைசியில் அந்தப் பெயர் தெரியாத ஆள் ஒரே ஒரு கேள்வி கேட்டார். சூடு எவ்வளவு? பார்க்கும் வழியையும் சொல்லிக்கொடுத்தார். பார்த்தேன், கொதிக்கும் தண்ணீரைத் தாண்டியிருந்தது. பெட்டியைத் திறந்து கார்டைப் படமெடுத்து அனுப்பு என்றார்.

தம்பி போன பிறகு அந்தப் பெட்டியை நான் திறந்ததே இல்லை. ஸ்குரூவைக் கழற்றிப் பக்கவாட்டுத் தகட்டை இழுத்ததும் உள்ளேயிருந்து கோயில் வாசனை வந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எங்கள் வீடு சின்ன வீடு. ஹாலில் பிளக் இருக்கும் சுவர் ஒன்றுதான், அதில் சாமி மேடையும் இருக்கிறது, கணினி மேசையும் இருக்கிறது. கணினிப் பெட்டி சாமி மேடைக்குக் கீழே தரையில் இருந்தது. காலையும் சாயங்காலமும் ஊதுவத்தி, வெள்ளிக்கிழமை தவறாமல் சாம்பிராணி. நான் சாமிக்குப் போட்ட புகையில் பாதியை அந்தப் பெட்டியின் விசிறி உள்ளே இழுத்துக் குடித்திருக்கிறது. கார்டின் மேலே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே காற்றுப் போக இடமில்லாமல் கறுப்பாக, பிசுபிசுவென்று, தார் போல அடைத்திருந்தது. அதற்கு மேல் திருநீறு.

அதுமட்டும் இல்லை. விசிறியின் நடுவில் காய்ந்துபோன சந்தனம், அதன் மேல் குங்குமம், ஒன்றன்மேல் ஒன்றாகத் தடிமனாக. ஆயுத பூசைக்கு நாங்கள் மோட்டாருக்கு வைப்போம், தையல் மிஷினுக்கு வைப்போம், கணினிக்கும் வைப்போம். எல்லாரும் வெளியே பெட்டிக்கு வைப்பார்கள். என் தம்பி இருந்தானே, வருடா வருடம் பெட்டியைத் திறந்து, வேலை செய்வது இதுதானே, பெட்டிக்கு எதுக்கு என்று கார்டுக்கே வைத்துவிடுவான். நானும் பக்கத்தில் நின்று கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு, புத்திசாலிப் பிள்ளை என்று பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தனப் பாரத்தில் விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து, தடவித் தடவிச் சுற்றிக்கொண்டிருந்தது.

படத்தை அனுப்பினேன். மஞ்சளும் சிவப்புமாக இருப்பது என்ன, ஏதாவது கசிந்து வெடித்துவிட்டதா என்று அவர் பதறிப்போய்க் கேட்டார். வெட்கமாகப் போய்விட்டது. வருடத்தில் ஒருநாள் தொழில் செய்யும் கருவிகளுக்கு நாங்கள் நன்றி சொல்வோம் என்று ஆங்கிலத்தில் எழுதி விளக்கினேன். அவர் பதில் இன்னும் நினைவிருக்கிறது. எங்கள் ஊரில் பாதிரியார் புதுக் காருக்குத் தீர்த்தம் தெளிப்பார், ஆனால் என்ஜினைத் திறந்து உள்ளே ஊற்ற மாட்டார் என்று எழுதியிருந்தார். தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

கழுவுவதற்கு ஸ்பிரிட்டும் பழைய பல் தூரிகையும் போதும். கார்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் தடவும் பசை மட்டும் வேண்டியிருந்தது. அதற்கு மறுபடியும் அந்தச் சீனர் கடைக்குத்தான் போனேன், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. கைப்பேசியில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு இந்த முறை அவர் சிரிக்கவில்லை. தன் கடை மூலையில் சிவப்பு மேடையில் புகைந்துகொண்டிருந்த ஊதுவத்தியைத் திரும்பிப் பார்த்தார். தன் அம்மா வீட்டு டிவியும் இப்படித்தான் செத்தது என்றார். பசையை எப்படி, எவ்வளவு வைக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார்.

சனிக்கிழமை முழுவதும் தரையில் பழைய நியூஸ்பேப்பரை விரித்து உட்கார்ந்து தேய்த்தேன். சாம்பிராணிப் பிசின் லேசில் போகாது. சந்தனத்தைச் சுரண்டும்போது ஓரிடத்தில் விரல் ரேகை தெரிந்தது. அவன் விரல்தான். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அந்த விரலுக்குச் சொந்தக்காரனோடு பேச வேண்டாமா என்று அதையும் துடைத்தேன். சாயங்காலம் கணினியைத் தூக்கிக்கொண்டுபோய் படுக்கையறையில் வைத்து, நீளமான வயர் இழுத்துக் கொடுத்தேன். கற்பூரம் மட்டும் தூரத்திலிருந்தே காட்டினேன்.

மறுநாள் ஏழாவது ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளே தம்பிக்குச் செய்தி அனுப்பியிருந்தேன், ரெடி, பத்து மணிக்கு வந்துவிடு என்று. பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. சரி கா, வாரேன் என்று வந்தது. காலையிலேயே எழுந்து தலைக்குக் குளித்தேன். ஏதோ கல்யாணத்துக்குப் போவது போலப் படபடப்பு. பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தஞ்சோங் மாலிமில் லாரியோடு நின்றேன். பாரிட் புந்தாருக்கு சிமெண்டு ஏற்றியிருந்தேன்.

வந்தான். "அடேங்கப்பா, அதே கார்டா?" என்று கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன், சந்தனம் வரைக்கும். கடகடவென்று சிரித்தான். ஆறு வாரமாக அந்தச் சிரிப்புக்காகத்தான் கறுப்புத் திரையோடு மல்லாடினேன். கிளம்பினோம். பத்து நிமிடம் தாண்டியது, வானத்தில் புள்ளி இல்லை. இருபது நிமிடம் தாண்டியது. சூடு கட்டுக்குள் இருந்தது. நான்தான் பேசிக்கொண்டே போனேன், மழையில் நனைந்தது, லாரியை மாற்றி அனுப்பியது எல்லாவற்றையும். தாப்பா தாண்டியதும்தான் கவனித்தேன், அவனிடமிருந்து ம், ம் என்பதைத் தவிர வேறு எதுவும் வரவில்லை.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவப்பட மாட்டியே?" என்றான்.

"சொல்லு."

"எனக்கு ஒரு பொண்ணோட பழக்கம் இருக்கு. மூணு வருசமா. கிளாங்குக்காரப் பொண்ணுதான், இங்க கிளினிக்ல வேலை செய்யுது. அதுக்கு ஞாயித்துக்கெழம ஒருநாள்தான் லீவு. நான் ஒன்னோட ஓட்டி முடிக்கிற வரைக்கும் கீழ காப்பிக் கடையில ஒக்காந்துகிட்டு இருக்கும்."

என் லாரி ஓரத்துக் கம்பியில் உரசிவிட்டு மறுபடி சாலைக்கு வந்தது. மூன்று வருடம். ஃபோர்மேனைப் பற்றிச் சொன்னான், முழங்காலைப் பற்றிச் சொன்னான், அம்மா கனவில் கட்டியிருந்த சேலையின் நிறத்தைக்கூடச் சொன்னான். எல்லாம் சொல்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரம் முழுவதும் கீழே ஒரு பெண் காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். பல வாரம் நான்தான், இன்னும் ஒரு டிரிப் போகலாம்டா என்று இழுத்திருக்கிறேன். அவனும் சரி கா, போலாம் என்பான்.

"இந்த ஆறு வாரமா?" என்று கேட்டேன்.

"இந்த ஆறு வாரம் காலையிலயே வெளிய கெளம்பிருவோம். அதுக்கு ரொம்ப சந்தோசம்." பிறகு, "நீ கஷ்டப்பட்டு ரெடி பண்ணிட்டு இருந்த. எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றான்.

"மூணு வருசமா ஏன்டா சொல்லல?"

கண்ணாடியில் அவன் லாரி சரியான இடைவெளி விட்டு என் பின்னால் வந்துகொண்டிருந்தது. சின்ன வயசில் கடைக்குப் போகும்போதும் இப்படித்தான் இரண்டடி தள்ளி வருவான்.

"சொன்னா நீ லாரி ஓட்ட வரமாட்ட கா. அப்புறம் ஒன்னோட யாரு பேசுவா?"

எனக்குக் கோபம்தான் வந்தது, வரவில்லை என்று சொன்னால் பொய். அவமானமாக இருந்தது. அவனுக்குத் துணையாக இருக்கிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அவன் அங்கே ஒருத்தியைக் கீழே உட்காரவைத்துவிட்டு, எனக்குத் துணையாக வந்து உட்கார்ந்திருக்கிறான். தனியாகக் கிடந்தது அவன் இல்லை. அது நான்தான். அவனுக்கு அது தெரிந்திருக்கிறது. ஒருவேளை ஆபீஸில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

"இப்ப எங்க இருக்கு அது?"

"கீழதான்."

"எழுந்திரிச்சுப் போடா. பொம்பளப் புள்ளைய காக்க வெச்சுக்கிட்டு லாரி ஓட்டறான்."

"அடுத்த வாரம் வாரேன் கா."

"வேணாம். எப்பயாச்சும் வா. அந்தப் புள்ளையவும் பேசச் சொல்லு." அவன் ஏதோ சொல்ல வந்தான், பிறகு சரி கா என்றான். கண்ணாடியில் இருந்த லாரி மறைந்தது. அந்த விளையாட்டில் ஆள் வெளியேறினால் லாரி ஓரமாகப் போய் நிற்பதெல்லாம் கிடையாது. இருக்கும், அடுத்த நொடி இருக்காது.

நான் நிறுத்தியிருக்கலாம். ஏற்றிய சரக்கை இறக்காமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை, அதனால் ஓட்டினேன். ஈப்போ வந்தது, மலைகள் வந்தன, இரண்டு பக்கமும் யாரும் இல்லை. கார்டு ஒரு குறையும் வைக்கவில்லை. ஒரு தடவைகூட உறையவில்லை, இலைகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. கோலகங்சாருக்கு முன்னால் அந்தச் சுரங்கப்பாதை வந்தது. உள்ளே நுழையும்போது, எப்போதும் சொல்லும் பழக்கத்தில், "டேய், லைட்டப் போடு" என்றேன்.

பதில் வரும் என்று கொஞ்ச தூரம் இருட்டிலேயே ஓட்டினேன். பிறகு என் லாரியின் விளக்கைப் போட்டேன்.